மடியில் வைத்த மணிமுடி

மட்டாஞ்சேரிக்கு வருவோர் ‘டச்சு அரண்மனை’ எங்கே என்று விசாரித்துச் செல்லும் கட்டடத்தைக் கட்டியவர்கள் டச்சுக்காரர்கள் அல்லர். 1555ஆம் ஆண்டளவில் போர்த்துக்கீசியர் அதைக் கட்டிக் கொச்சி மன்னர் வீர கேரள வர்மருக்கு அளித்தனர். ஒரு கோயிலைக் கொள்ளையிட்டதற்கு ஈடாகவே அவர்கள் இதைச் செய்தார்கள் என்று ஒரு மரபுச் செய்தியும் உண்டு. 1663க்குப் பின் டச்சுக்காரர் அதைப் பழுதுபார்த்து விரிவாக்கினர். பெயர் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. நாலுகெட்டு அமைப்பின் நடுமுற்றத்தில் அரச குடும்பத்தின் குலதெய்வமான பழையன்னூர் பகவதி இருக்கிறாள். பள்ளியறைச் சுவர்களில் இராமாயணம் தீட்டப்பட்டிருக்கிறது. கொச்சி மன்னர்களின் அரியணையேற்றம் நடந்த இடமும் இதுவே. இத்தனை இருந்தும் கட்டடத்தின் பெயரில் மன்னருக்கு இடமில்லை. கொடுத்தவரின் பெயர்கூட இல்லை. கடைசியாகப் பழுதுபார்த்தவரின் பெயரே நிலைத்துவிட்டது.

கொச்சி அரசின் நானூற்றைம்பது ஆண்டு வரலாற்றுக்கு இப்பெயரே பொருத்தமான முகவுரை. வெளியிலிருந்து வந்த ஒரு பேரரசின் துணையில் முடி தரித்து, அத்துணைக்கு விலை கொடுத்து, துணைவர் மாறும்போது தானும் மாறி நின்ற அரசு அது. இத்தகைய அரசுகளை வரலாற்று நூல்கள் ‘சார்பரசு’ என்று குறிக்கின்றன. இக்கருத்தாக்கம் முதலில் கிரேக்க, ரோம உலகை விளக்க எழுந்தது. கருங்கடலின் வடகரையில், பந்திகாபையம் என்னும் கிரேக்க நகரைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட பொஸ்போரஸ் மன்னர்கள் அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அவர்கள் தம்மைக் கிரேக்க மொழியில் ‘சீசரின் நண்பன், ரோமரின் நண்பன்’ என்று பட்டம் சூட்டிக்கொண்டனர். ரோம் அனுப்பிய நாற்காலியையும் செங்கோலையும் தம் நாணயங்களிலேயே பொறித்தனர். பரிசு பெற்றதை மறைக்கவில்லை. அதுவே தம் உரிமைக்குச் சான்று என்று ஊருக்குக் காட்டினர். ரோமர்களும் இம்மன்னர்களை ‘நண்பர், கூட்டாளி’ என்றே ஆவணங்களில் எழுதினர். ‘சார்ந்து நிற்பவர்’ என்பது பிற்கால ஆய்வாளர் இட்ட பெயர்.

நம் பக்கத்துச் சொல்வழக்கு இதைவிடக் கூர்மையானது. அடங்கி ஆளும் அரசனைக் குறிக்கும் ‘சாமந்தன்’ என்னும் வடசொல்லின் பழைய பொருள் ‘அண்டை நாட்டான்’ என்பதே. அர்த்தசாத்திரத்தில் அது எல்லைப்புறத்து அரசனைக் குறிக்கிறது. சில நூற்றாண்டுகளில் ‘திறை செலுத்துபவன்’ என்று பொருள் மாறிவிட்டது. அண்டை வீட்டுக்காரன் அடங்கியவனாக மாறிய கதையை ஒரே சொல் தனக்குள் வைத்திருக்கிறது. கொச்சிக்கும் சாமூதிரிக்கும் இடையே நடந்ததும் அதுதான்.

பெரும்படப்பு சொரூபம் எனப்படும் கொச்சி அரச குடும்பத்தின் மூல இருப்பிடம் இன்றைய மலப்புறம் மாவட்டத்தின் வன்னேரி. கோழிக்கோட்டுச் சாமூதிரியின் நெருக்குதலால் அவர்கள் அங்கிருந்து தெற்கே நகர்ந்தனர். கொடுங்கல்லூர்ப் பக்கம் சிலகாலம் இருந்து, பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொச்சிக்கு வந்தனர். 1341ஆம் ஆண்டுப் பெரியாற்று வெள்ளத்தால் முசிறித் துறை தூர்ந்து, கொச்சியின் கழிமுகம் ஆழப்பட்டதாகக் கருதப்படுகிறது. ஆகவே மன்னர் வந்து சேர்ந்தது ஒரு புதிய துறைமுகத்துக்கு. ஆனால் சாமூதிரியின் கை அங்கேயும் நீண்டது. கொச்சி மன்னர் தம் பெயரில் நாணயம் அடிக்கக் கூடாது, அரண்மனைக்கு ஓடு வேயக் கூடாது, புதிய சாமூதிரி பட்டமேறும்போது கொச்சிக்கு வந்து அங்குள்ள மன்னரை வைத்துக்கொள்ளவோ நீக்கவோ செய்யலாம் என்றெல்லாம் போர்த்துக்கீசிய வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். அவர்களுக்குச் சாமூதிரி பகைவர்; சற்றுக் கூட்டியும் சொல்லியிருக்கலாம். எனினும் ஓடு பற்றிய செய்தி கவனிக்கத்தக்கது. கேரளத்தில் கூரையின் பொருளே தகுதியைச் சொன்ன காலம் அது. ஓலைக் கூரையின் கீழ் வாழுமாறு பணிக்கப்பட்ட அரசன் யாருக்கோ அடங்கியவன் என்பதை வழிப்போக்கனும் அறிவான்.

இந்நிலையிலிருந்து தப்பக் கடலுக்கு அப்பால் கைநீட்டுவது போர்த்துக்கீசியர் வருகையோடு தொடங்கியதாகவே பொதுவாக எழுதப்படுகிறது. அது சரியன்று. மிங் பேரரசின் பெருங்கப்பல்கள் ஜெங் ஹேயின் தலைமையில் மலபார்க் கரைக்கு வந்துபோன காலத்தில், யோங்லே பேரரசர் 1416இல் கொச்சி மன்னருக்கு முத்திரையும் பட்டமும் வழங்கினார். கொச்சி நாட்டின் மலை ஒன்றுக்கு ‘நாட்டைக் காக்கும் மலை’ என்று பெயரிட்டு, அதற்கெனக் கல்வெட்டு வாசகமும் அளித்தார். மன்னரின் பெயர் சீன நூலில் ‘கெயிலி’ என்று காணப்படுகிறது. இத்தகைய மலைப்பட்டம் மலாக்கா, ஜப்பான், புருணை போன்ற மிகச்சில நாடுகளுக்கே கிடைத்தது. வணிகத்தில் கோழிக்கோடு கொச்சியை விடப் பெரியது; ஆனால் அதற்கு இச்சிறப்பு அளிக்கப்படவில்லை. அண்டை வீட்டானின் பிடியை நெகிழ்த்தத் தொலைவிலிருப்பவனின் முத்திரை உதவும் என்பதைக் கொச்சி அப்போதே அறிந்திருந்தது. 1430களோடு சீனக் கப்பல்களின் அரசுமுறைப் பயணங்கள் நின்றன. முத்திரை கொடுத்தவர் திரும்பி வரவில்லை.

1500 டிசம்பரில் கப்ரால் கோழிக்கோட்டில் சண்டையிட்டுவிட்டுக் கொச்சிக்கு வந்தபோது, கொச்சி மன்னர் அவரை வரவேற்றதில் வியப்பதற்கு எதுவுமில்லை. மிளகு கொடுத்தார், சில போர்த்துக்கீசியரைக் கரையில் தங்க வைத்துக்கொண்டார். 1502இல் வாஸ்கோ ட காமா இரண்டாம் முறை வந்தபோது உறவு இறுகியது. காமா திரும்பிச் சென்றதும், தங்கியிருந்த போர்த்துக்கீசியரை ஒப்படைக்குமாறு சாமூதிரி கேட்டார். கொச்சி மன்னர் மறுத்தார்.

1503இல் சாமூதிரியின் படை இடப்பள்ளி வழியாக வந்தது. இளவரசர் நாராயணன் தம் உறவினர் இருவருடன் போரில் மாண்டார். கொச்சி எரிந்தது. மன்னர் அந்நியரையும் அழைத்துக்கொண்டு வைப்பின் தீவில் அடைக்கலம் புகுந்தார். செப்டம்பரில் பிரான்சிஸ்கோ ட அல்புகெர்க்கின் கப்பல்கள் வரும்வரை அவர் காத்திருந்தார். போர்த்துக்கீசிய எழுத்துகளில் இக்காட்சி ஒரு காவியமாகவே விரிகிறது: சொன்ன சொல் தவறாத அரசர், மருமகன்களை இழந்தும் விருந்தினரைக் கைவிடாதவர். அவர் அப்படிப்பட்டவராகவும் இருந்திருக்கலாம். ஆனால் அவர் சார்பில் எழுதப்பட்ட அரசவைக் குறிப்பு எதுவும் நம் முன் இல்லாதபோது, அவருடைய விசுவாசத்தைப் புகழ்வோரும் ‘நாட்டைக் காட்டிக்கொடுத்தவர்’ என்று இகழ்வோரும் ஒரே தரப்பின் சாட்சியத்தையே பயன்படுத்துகின்றனர். ‘நாடு’ என்று எதைக் கருதுவது என்பது வேறு கேள்வி. சாமூதிரியின் கோழிக்கோடு கொச்சிக்குத் தாய்நாடன்று. அது நெடுநாளைய எசமானன்.

போர்த்துக்கீசியர் அந்த மாதத்திலேயே கோட்டை கட்டத் தொடங்கினர். தென்னை மரங்களை நட்டு எழுப்பிய அந்த மானுவல் கோட்டையே இந்தியாவில் ஐரோப்பியர் கட்டிய முதல் கோட்டை. மறு ஆண்டு துவார்த்தே பச்சேக்கோ சிறு படையுடன் சாமூதிரியின் தாக்குதல்களைத் தடுத்தார். அவருடன் நின்று போரிட்ட கொச்சி வீரர்களைப் பற்றி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1505இல் அரசப் பிரதிநிதியாக வந்த பிரான்சிஸ்கோ ட அல்மெய்தா, போர்த்துக்கல் மன்னர் மானுவல் அனுப்பிய பொன்முடியைக் கொச்சி மன்னருக்குச் சூட்டினார். அதற்குள் வைப்பினில் அடைக்கலம் புகுந்த முதியவர் துறவு பூண்டு ஒதுங்கிவிட்டார். முடியைப் பெற்றவர் அவருடைய மருமகன்.

இந்தத் துறவுதான் கதையின் முக்கியமான இடம். கொச்சியில் மருமக்கள் தாயம் நிலவியது. குடும்பம் பல தாவழிகளாகக் கிளைத்திருந்தது. மூத்தவர் ஆட்சியைத் துறந்து கோயிலை அடைவதும், அவர் இறந்தால் அப்போது ஆள்பவர் அந்த இடத்துக்குப் போய் அரியணையை அடுத்தவருக்கு விடுவதும் அன்றைய வழக்கம். ஆட்சி ஒருவரிடமோ ஒரு கிளையிடமோ தேங்கிவிடாமல் சுற்றிவர வகைசெய்த ஏற்பாடு இது. 1510இல் துறவியான முதியவர் இறந்தார். வழக்கப்படி மருமகன் அரியணையை விட்டு இறங்க வேண்டும்; மற்றொரு கிளையின் இளவரசர் அதற்காகக் காத்திருந்தார். அவர் சாமூதிரியின் பக்கம் சாய்ந்தவர் என்று போர்த்துக்கீசியர் ஐயுற்றனர். அபோன்சோ ட அல்புகெர்க் தலையிட்டு, மன்னர் துறவு பூணாமல் தடுத்தார், காத்திருந்தவரை விரட்டினார்.

முடி சூட்டியதைவிட இது பெரிய செயல். ஓடு வேயக் கூடாது என்று சொன்ன சாமூதிரி மன்னரின் கூரையைத்தான் கட்டுப்படுத்தினார். அல்புகெர்க் மன்னர் எப்போது மன்னராக இல்லாமற்போக வேண்டும் என்பதையே தீர்மானித்தார். நிலத்தையோ வருவாயையோ இழந்த அரசு மீளலாம். அடுத்து யார் ஆள்வது என்ற முடிவைப் பிறரிடம் விட்டுவிட்ட குடும்பத்தில், தோற்ற கிளை எப்போதும் வெளியே ஒரு துணைவரைத் தேடிக்கொண்டே இருக்கும். கொச்சியில் அதுவே நடந்தது. அதன் பலன் வெளிப்பட ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

இடைப்பட்ட காலத்தில் கொச்சி செழித்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1530இல் கோவா தலைநகராகும்வரை போர்த்துக்கீசிய இந்தியாவின் தலைமையிடம் கொச்சியே. மிளகு விலை மட்டும் முதல் உடன்படிக்கைகளில் குறிக்கப்பட்ட அளவிலேயே நெடுங்காலம் கட்டுண்டு கிடந்தது. விளைவித்தவர்களும் வணிகர்களும் வேறு வழி தேடினர். சரக்கு மலை கடந்து தமிழகத்துக்கும் கள்ள வழியாகக் கோழிக்கோட்டுக்கும் போயிற்று. மன்னருக்குச் சுங்கமும் பாதுகாப்பும் கிடைத்தன. அந்தப் பாதுகாப்பின் நிழலில் மன்னர் தம் பங்குக்குச் சிலருக்குப் பாதுகாப்பளித்தார் என்பதற்கு மட்டாஞ்சேரியே சான்று. கொடுங்கல்லூரில் இருக்க முடியாமல் வந்த யூதர்களுக்கு அரண்மனையை ஒட்டியே நிலம் கொடுத்தார். 1568இல் அங்கே பரதேசி சினகாக் எழுந்தது. யூதர்களை விசாரணை மன்றத்தின் முன் நிறுத்திய போர்த்துக்கீசியரின் சார்பரசர், அவர்கள் கட்டிக்கொடுத்த அரண்மனையின் மதிலருகே யூதர்களைக் குடியமர்த்தினார். சார்ந்திருத்தல் முழு அடிமைத்தனமாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

1656இல் டச்சுக்காரர் போர்த்துக்கீசியரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றினர். கொச்சியில் அப்போது போர்த்துக்கீசியர் ஆதரவில் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. ஒதுக்கப்பட்ட மூத்த தாவழியின் இளவரசர் வீர கேரள வர்மர் டச்சுக்காரரை நாடினார். கொச்சியின் பரம்பரை முதலமைச்சரான பாலியத்து அச்சனும் அவர்களோடு உடன்பாடு செய்துகொண்டார். 1662இன் தொடக்கத்தில் டச்சுப் படை மட்டாஞ்சேரி அரண்மனையைத் தாக்கியது. அரசர் இராம வர்மரும் இளவரசர் இருவரும் அங்கேயே கொல்லப்பட்டனர். முதிய அரசி கங்காதர லட்சுமி சிறைப்பட்டார். அவரைப் பிடித்தவர் என்று குறிக்கப்படும் இளம் அதிகாரி ஹென்ட்ரிக் வான் ரீட். பின்னாளில் ஆளுநராகி, இதே கொச்சியில் இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியரின் துணையோடு ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ நூலைத் தொகுத்தவர் அவரே. மலையாளச் சொற்கள் அச்சேறிய வரலாறு அந்நூலிலிருந்து தொடங்குவதால் மொழியியலாரின் நன்றி அவருக்கு என்றும் உண்டு. அந்த நன்றியை எழுதும்போது அரசியையும் நினைத்துக்கொள்வது தகும்.

முதல் முற்றுகை பலிக்கவில்லை, டச்சுக்காரர் பின்வாங்கினர். யூதர்கள் அவர்களுக்கு உதவினார்கள் என்று சொல்லிப் போர்த்துக்கீசியர் சினகாகைத் தீக்கிரையாக்கினர். 1663 ஜனவரியில் கோட்டை டச்சுக்காரரிடம் வீழ்ந்தது. வீர கேரள வர்மர் அரியணை ஏறினார். மானுவல் மன்னரின் முடிக்குப் பதிலாக இம்முறை அவருக்குக் கிடைத்தது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம் பொறித்த முடி. அரசன் ஒருவன் கொடுத்த முடிக்கும் வணிகக் கம்பெனி கொடுத்த முடிக்கும் வேறுபாடு உண்டு. மார்ச் மாத உடன்படிக்கை அதை விளக்கியது. கொச்சியின் மிளகு முழுவதும், காட்டு இலவங்கப்பட்டை முழுவதும் கம்பெனிக்கே. 1510இல் வழக்கத்தை மீறி ஓரங்கட்டப்பட்ட கிளையினர் அரியணைக்குத் திரும்பினர் என்று இதை ஒரு நீதியாகக் கூறலாம். ஆனால் அதற்கு அவர்கள் கையாண்ட வழியும் அல்புகெர்க் காட்டிய வழியே.

பொருளியல் கணக்குப் பார்ப்பவர் பாதுகாவலரானால் என்ன ஆகும் என்பது தொண்ணூறு ஆண்டுகளில் தெரிந்தது. 1741இல் குளச்சலில் டச்சுக்காரர் மார்த்தாண்ட வர்மரிடம் தோற்றனர். 1753 மாவேலிக்கரை உடன்படிக்கையில், திருவிதாங்கூர் மன்னர் தாக்க நினைக்கும் பிற மலபார் அரசர்களுடனான தம் பிணைப்புகளிலிருந்து விலகிக்கொள்வதாகக் கம்பெனி எழுதிக் கொடுத்தது. அவ்வரசர்களுள் கொச்சியும் அடக்கம். காவலன் தன் பொறுப்பை எழுத்து மூலமாகவே கைகழுவிய இத்தகைய ஆவணங்கள் வரலாற்றில் அதிகமில்லை. கொச்சி தன் பழைய துணைவரைத் தோற்கடித்த திருவிதாங்கூருடனேயே நட்புக்கொண்டு சாமூதிரியை விரட்டியது. பின்னர் ஹைதர் அலிக்குத் திறை செலுத்தியது. திப்பு சுல்தானுக்கும் செலுத்தியது.

1791இல் சக்தன் தம்புரான் ஆங்கிலக் கம்பெனியுடன் உடன்படிக்கை செய்தார். முதல் ஆண்டு 70,000 ரூபாய், அடுத்து 80,000, பின் 90,000, அதன்பின் ஆண்டுதோறும் 1,00,000 ரூபாய் கப்பம். 1808இன் இறுதியில் பாலியத்து அச்சனும் திருவிதாங்கூரின் வேலுத்தம்பியும் சேர்ந்து ரெசிடெண்ட் மெக்காலேயின் இல்லத்தைத் தாக்கினர், கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. 1809 உடன்படிக்கையில் கப்பம் 2,76,037 ரூபாய் ஆயிற்று. இந்தக் கடைசி 37 ரூபாய் சிந்திக்க வைக்கிறது. ஒரு படைப்பிரிவின் செலவில் பாதியைக் கணக்கிட்டுப் பழைய ஒரு இலட்சத்துடன் கூட்டியதால் வந்த எண் அது. பொன்முடியில் தொடங்கிய உறவு கணக்கரின் பேரேட்டில் வந்து நின்றது. சில ஆண்டுகளில் அத்தொகை 2 இலட்சமாகக் குறைக்கப்பட்டது.

டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் 1795இல் பறித்த கோட்டைப் பகுதி மன்னருக்குத் திரும்பவில்லை. அது சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தோடு சேர்ந்தது. ஆகவே ஃபோர்ட் கொச்சி ஆங்கிலேயருடையது, மட்டாஞ்சேரி மன்னருடையது. இன்று நடந்தே கடக்கும் அந்தச் சிறு தொலைவில் இரண்டு ஆட்சிகள், இரண்டு சட்டங்கள், நடுவே ஓர் எல்லை. மன்னரின் பெயரைத் தாங்கிய ஊரின் பழைய கோட்டை மன்னருக்கு வெளிநாடு.

1895இல் பட்டத்துக்கு வந்த இராம வர்மர், ஷொர்ணூர்–கொச்சி இரயில் பாதைக்காகத் திருப்பூணித்துறைப் பூர்ணத்ரயீசர் கோயிலின் பொன் நெற்றிப்பட்டங்களை விற்றவர் என்று நினைவுகூரப்படுகிறார். 1914இல் அவர் அரியணையைத் தாமே துறந்தார். ஆங்கில அரசுடன் நேர்ந்த முரண்பாடுகளே காரணம் என்பது பரவலான கருத்து. மலையாளிகள் அவரை ‘ஒழிஞ்ஞ வலிய தம்புரான்’ என்கின்றனர். ‘ஒழிந்த’ என்று தமிழில் சொன்னால் ‘தொலைந்தார்’ என்ற ஏளனம் ஒட்டிக்கொள்ளும். மலையாளத்தில் அது ‘இடத்தை விட்டு விலகிய’ என்ற மரியாதையான சொல். நாம் வீட்டை ‘ஒழித்துக் கொடுப்பது’ என்று சொல்வதில் அப்பொருளின் சாயல் இன்னும் இருக்கிறது. 1510இல் ஒரு கொச்சி மன்னரை ஒழியவிடாமல் தடுத்த பின், நானூறு ஆண்டுகள் கழித்து இன்னொருவர் தம் விருப்பத்தால் ஒழிந்தார்.

அந்த முடிகளின் கதை என்னவாயிற்று? கொச்சி மன்னர்கள் முடியைத் தலையில் அணிவதில்லை. வன்னேரியைச் சாமூதிரியிடமிருந்து மீட்கும்வரை முடி தரிப்பதில்லை என்று முன்னோர் சூளுரைத்ததாக மரபு கூறுகிறது. திருப்பூணித்துறையில் அத்தச்சமய ஊர்வலத்தின்போது பல்லக்கில் அமர்ந்த மன்னர் முடியை மடியில் வைத்திருப்பாராம். போர்த்துக்கீசியர் கொடுத்தது என்று சொல்லப்படும் பொன்முடி இன்று திருப்பூணித்துறை ஹில் பேலஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பொஸ்போரஸ் மன்னர் ரோம் தந்த நாற்காலியை நாணயத்தில் அச்சிட்டு ஊரெங்கும் அனுப்பினார். கொச்சி மன்னர் அந்நியர் தந்த முடியைத் திருப்பியும் அனுப்பவில்லை, தலையிலும் வைத்துக்கொள்ளவில்லை. அதை அணியாததற்கு அவர் சொன்ன காரணத்தில் லிஸ்பனும் இல்லை, ஆம்ஸ்டர்டாமும் இல்லை. பக்கத்து நாட்டு அரசரே இருந்தார். சாமூதிரியை ஹைதர் வீழ்த்தினார், மலபார் ஆங்கிலேயர் கைக்கு வந்தது, வன்னேரி சென்னை மாகாணத்தின் ஒரு மூலையாயிற்று. சூளுரை மட்டும் அப்படியே நின்றது.

1949 ஜூலை 1ஆம் நாள் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. இணைந்த மாநிலத்தின் இராஜப்பிரமுகர் பதவி திருவிதாங்கூர் மன்னருக்குப் போயிற்று. கொச்சியின் பரீட்சித்துத் தம்புரான் தமக்கென்று பதவி எதையும் கேட்கவில்லை. பேச்சுவார்த்தையில் பங்குகொண்ட வி. பி. மேனன் ஒரு செய்தியைப் பதிவு செய்திருக்கிறார். கொச்சி அரசு ஆண்டுதோறும் வெளியிட்ட பஞ்சாங்கத்தின் இலவசப் படிகள் தமக்குத் தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்பதே மன்னர் கேட்டுக்கொண்டது.